குயவர் வீடும் தேடி வருகிறவர்களும்

குயவரின் வீட்டில் வாழும் இடம் வேறு, வேலை செய்யும் இடம் வேறு என்று கிடையாது. முற்றத்தில் மண் ஊறும். திண்ணையை ஒட்டிச் சக்கரம் சுழலும். தாழ்வாரத்து நிழலில் பச்சைப் பானைகள் உலரும். கொல்லையில் சூளை இருக்கும். இடநெருக்கடி மட்டும் இதற்குக் காரணம் அல்ல. மண்ணின் இயல்பே இப்படி ஒரு வீட்டைக் கேட்கிறது. சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானையை எப்போது தட்டத் தொடங்கலாம் என்பதை அன்றைய வெயிலும் காற்றும்தான் முடிவு செய்கின்றன. ஈரம் மிகுந்திருந்தால் பலகை பட்டதும் சுவர் நெகிழ்ந்துவிடும். காய்ந்துவிட்டால் விரிசல் விடும். நடுச்சாமத்தில் தூறல் விழுந்தால் எழுந்து எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவைக்க ஆள் வேண்டும். சூளையில் தீ மூட்டிய இரவில் யாரும் தூங்கப் போவதில்லை. இப்படிப்பட்ட தொழிலை வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வைத்துவிட்டு மாலையில் கதவைப் பூட்டிக்கொண்டு வர முடியாது.

கடையில் அடுக்கிவைத்த கலம் இவற்றில் எதையும் சொல்வதில்லை. அது எந்தக் குளத்து மண், யார் மிதித்தது, எத்தனை நாள் மழைக்குப் பயந்து காத்திருந்தது என்பதெல்லாம் வீட்டில்தான் தெரியும். வெளிநாடு போகிறவர்களில் சிலர் நகரத்து அருங்காட்சியகத்தோடு நின்றுவிடாமல், பேருந்து பிடித்து ஏதோ ஒரு சிற்றூரில் இருக்கும் குயவர் வீட்டைத் தேடிப் போவது இதற்காகத்தான். இத்தகைய பயணங்கள் பயணியின் மனநிறைவோடு முடிந்துவிடவில்லை. கடந்த நூறாண்டுகளில் மட்பாண்டக் கலை போன திசையையே அவை சில முறை மாற்றியிருக்கின்றன.

பெர்னார்டு லீச் 1887இல் ஹாங்காங்கில் பிறந்த ஆங்கிலேயர். செதுக்கோவியம் கற்றுத்தரும் எண்ணத்தோடு 1909இல் ஜப்பானுக்குப் போனார். 1911இல் டோக்கியோவில் நண்பர்கள் கூடிய ஒரு விருந்தில், விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு மட்கலத்தின்மேல் சித்திரம் எழுத, அவர்கள் கண்முன்னாலேயே அதற்கு மெருகு பூசிச் சிறு சூளையில் சுட்டுக் கொடுத்தார்கள். தான் எழுதிய கோடுகள் தீக்குள் போய்ப் பளபளப்போடு திரும்பி வந்ததைப் பார்த்த லீச், அதன்பின் மண்ணை விடவில்லை. 1920இல் அவர் இங்கிலாந்து திரும்பி, கார்ன்வால் கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை தொடங்கியபோது, உடன் வந்தவர் ஷோஜி ஹமாதா என்ற இளைஞர்.

ஹமாதா 1894இல் பிறந்தவர். டோக்கியோவின் தொழில்நுட்பக் கல்லூரியில் மட்பாண்ட வேதியியல் படித்தவர். இங்கிலாந்தில் இருந்தபோது அவரும் லீச்சும் சசெக்ஸ் பகுதியிலுள்ள டிட்ச்லிங் என்ற கிராமத்துக்குப் போனார்கள். நெசவாளர் எதெல் மெய்ரட் அங்கே வாழ்ந்தார். நெசவு, அச்சு, சிற்பம் எனப் பல கைத்தொழிலாளர்கள் நகரத்தை விட்டு வந்து அங்கே குடியேறியிருந்தார்கள். உண்ணும் தட்டு, உடுத்தும் துணி, உட்காரும் நாற்காலி எல்லாம் தறியும் பட்டறையும் இருந்த அதே வாழ்க்கையிலிருந்து வந்தவையாக இருந்ததை ஹமாதா பார்த்தார். 1923 செப்டம்பரில் டோக்கியோவைப் பெருநிலநடுக்கம் அழித்தது. மறு ஆண்டு நாடு திரும்பிய ஹமாதா, தலைநகரில் பெயர் தேடும் வழியை விட்டுவிட்டு, தோச்சிகி மாகாணத்திலிருந்த மாஷிகோ என்ற கிராமத்துக்குப் போனார். வெளிநாட்டில் கண்ட ஒரு கிராமத்து வீடு அவருடைய முழு வாழ்க்கைக்கும் வழிகாட்டியது.

மாஷிகோ டோக்கியோவுக்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. 1853இல் ஒட்சுகா கெய்சாபுரோ என்பவர் அங்கே முதல் சூளையை வைத்தார். தண்ணீர்ச் சாடி, அரைக்கும் சட்டி, தேநீர்க் கெண்டி என்று அடுப்படிப் பொருள்களே அந்த ஊரின் சரக்கு. கெண்டிகளில் மலையும் நீரும் எழுதிய மினகாவா மசு என்ற பெண்மணி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வரைந்து முடித்தார். ஒரே சித்திரம், ஒரே தூரிகை, ஆண்டுக்கணக்கில் அதே வேகம். அந்தக் கையில் இருந்த தெளிவைத்தான் ஹமாதாவும் அவருடைய நண்பர்கள் யானகி சோயெட்சுவும் கவாய் கன்ஜிரோவும் அழகின் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். பெயரற்ற கைகள் அன்றாடப் பயனுக்காகச் செய்தவற்றில்தான் உயர்ந்த அழகு குடியிருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. 1925இல் அதற்கு ‘மிங்கெய்’ என்று பெயரிட்டார்கள். 1936இல் டோக்கியோவில் அதற்கென ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

ஹமாதா மாஷிகோவில் தன் வீட்டைத் தானே சேர்த்தெடுத்தார். அக்கம்பக்கத்தில் கைவிடப்படும் நிலையிலிருந்த பழைய குடியானவர் வீடுகளை வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து, 1930 முதல் ஒன்றன்பின் ஒன்றாகத் தன் நிலத்தில் நிறுத்தினார். கூரை வேய்ந்த வீடு, நீண்ட வாயில் கட்டடம், ஓயா கல்லால் கட்டிய பண்டக சாலைகள், வனையும் பட்டறை, மேட்டுச் சரிவில் அறை அறையாக ஏறும் சூளை ஆகிய எல்லாம் ஒரே வளாகம். சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து வனைந்தார். உள்ளூர் மண்ணையும் உள்ளூர் கல்லையும் அடுப்புச் சாம்பலையும் கொண்டே மெருகு தயாரித்தார். மாஷிகோவில் செய்த கலங்களில் தன் பெயரைப் பொறிக்கவில்லை.

அந்த வீட்டுக்கு உலகமெங்குமிருந்து ஆட்கள் வந்தார்கள். 1955இல் ஜப்பானிய அரசு ஹமாதாவை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்த பிறகு கூட்டம் பெருகியது. அமெரிக்கக் குயவர் சூசன் பீட்டர்சன் 1970இல் அங்கே தங்கி, ஒரு சூளைக்கான வேலை மண் பிசைவதிலிருந்து சுட்டெடுப்பதுவரை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துப் பதிவு செய்து, 1974இல் நூலாக வெளியிட்டார். பயணிகள் வியந்த காட்சி ஒன்று உண்டு. பெரிய தட்டின் குறுக்கே ஹமாதா அகப்பையால் மெருகை ஊற்றிக் கோலமிடுவார். சில விநாடிகளில் முடிந்துவிடும். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டவருக்கு, அந்த விநாடிகளோடு அறுபது ஆண்டுகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்ற பொருளில் அவர் விடை சொன்னார். இந்த விடை மாஷிகோ வீட்டில் இருந்தவர்களுக்குப் புதிதாகப் பட்டிருக்காது. அறுபது ஆண்டு எங்கே போயிற்று என்பதைச் சுற்றிலும் இருந்த மண்குவியலும் விறகுக் கட்டும் உதவியாளர்களின் கைகளும் காட்டிக்கொண்டிருந்தன.

1977இல் அந்த வளாகத்தின் ஒரு பகுதி, ஹமாதா பல நாடுகளில் சேகரித்த பொருள்களோடு, பொதுமக்களுக்கான காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1978 ஜனவரியில் அவர் மறைந்தார். 2011ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் கட்டடங்களும் சூளையும் சேதமடைந்தன. ஊரும் வெளியூர் அன்பர்களும் சேர்ந்து சீரமைத்தார்கள். மாஷிகோவில் 1966 முதல் நடக்கும் மட்பாண்டச் சந்தை ஆண்டுக்கு இரு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், கூடுகிறது. ஹமாதாவிடம் பயின்று மாஷிகோவிலேயே சூளை வைத்த ஷிமாவோகா தட்சுசோவும் 1996இல் ‘வாழும் தேசியச் செல்வம்’ ஆனார். ஒரு வீட்டைத் தேடி வந்த பயணிகள் ஓர் ஊரின் தொழிலைத் தாங்கி நிறுத்தினார்கள்.

இந்தக் கதையின் ஒரு கிளை இந்தியாவுக்கும் வந்தது. குருசரண் சிங் 1919இல் ஜப்பானுக்குப் போய் மட்பாண்டம் பயின்றார்; லீச், ஹமாதா, யானகி ஆகியோரோடு பழகினார்; 1952இல் தில்லியில் தம் பட்டறையை நிறுவினார். பின்னர் அவர் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கிலுள்ள அந்திரெட்டா கிராமத்துக்கு வந்தார். அங்கே அவர் மகன் மன்சிம்ரன் சிங்கும் மருமகள் மேரியும் வளர்த்த பட்டறை இன்றும் பயணிகள் போய்த் தங்கிக் கற்கும் இடமாக இருக்கிறது. இன்னொரு கிளை தமிழ் மண்ணுக்கே வந்தது. சூசன் பீட்டர்சனிடம் பயின்று, ஜப்பானின் பிசன் பகுதியில் குயவரிடம் தொழில் பழகிய டெபோரா ஸ்மித், ரே மீக்கரோடு சேர்ந்து 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கினார். இந்தியாவின் இன்றைய ஸ்டுடியோ குயவர்களில் பலர் அங்கே பயின்றவர்கள்.

ரே மீக்கர் 1980களில் ஒரு சோதனையில் இறங்கினார். பச்சை மண் செங்கல்லால் வளைகூரையோடு ஒரு வீட்டைக் கட்டி, அதற்குள் செங்கல், ஓடு, பானை எல்லாம் அடுக்கி, வீடு முழுவதையும் சூளையாக்கிச் சுட்டார். உள்ளே வெந்த சரக்கை விற்ற பணம் வீட்டைச் சுட்ட விறகுக்கு ஈடாகும் என்பது திட்டம். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் எண்ணத்திலிருந்து இது பிறந்தது. குயவரின் வீடும் சூளையும் ஒன்றே என்ற உண்மையை இதைவிடத் தொலைவுக்குக் கொண்டுபோனவர்கள் குறைவு.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். சங்கரன்கோவில் வட்டாரத்துப் புளியங்குடியிலிருந்து பார்த்தால் மாஷிகோ மிகத் தொலைவு. ஆனால் அங்கே கண்டவற்றில் பெரும்பாலானவை இங்கே அருகிலேயே இருக்கின்றன. புளியங்குடி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்போனது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் குளங்களை நிரப்பி, நுண்ணிய வண்டலைப் படியவைக்கின்றன. வயலுக்கு உரமாகும் அதே குளத்து மண்தான் பானைக்கும் மூலப்பொருள். 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தில் தேன்பொத்தையும், அண்டையிலுள்ள திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சியும் மண்பாண்டத்துக்கு அறியப்பட்ட ஊர்கள். காருகுறிச்சியை நாதசுவர மேதை அருணாசலத்தின் ஊராகத் தமிழ்நாடு அறியும். கேரளத்துச் சமையலறைகள் அதைச் சட்டி பானையின் ஊராக அறியும். அது இருக்கும் தாமிரபரணிக் கரையில், கிழக்கே போனால் ஆதிச்சநல்லூர். இரும்புக் காலத்து முதுமக்கள் தாழிகளும் கறுப்பு சிவப்புக் கலங்களும் கிடைத்த இடம் அது. இந்த ஆற்றங்கரையில் பானை வனையும் கை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓயவில்லை.

இப்பகுதியில் குயவர்களை வேளார் என்பார்கள். வேளார் வீட்டு வேலையை வரிசையாகப் பார்ப்பது நல்லது. குளத்து மண்ணை வெயிலில் காயவைத்து, உடைத்து, கல்லும் வேரும் நீக்கி ஊறப்போடுவார்கள். பிறகு நுண்மணல் கலந்து காலால் மிதிப்பார்கள். அடுப்பில் ஏறும் சட்டிக்கு மணல் கூடுதலாக வேண்டும்; சூட்டில் சுவர் விரிந்து சுருங்கும்போது விரிசல் ஓடாமல் தடுப்பது அந்த மணலே. கோலால் சுழற்றிய பழைய சக்கரங்களின் இடத்தில் இப்போது பெரும்பாலும் மின்சக்கரம். சக்கரத்தில் பானை முழுமையாக உருவாவதில்லை. வாயும் கழுத்தும் தீர்ந்து, அடிப்பகுதி தடிப்பாகவும் திறந்தும் அறுபட்டு வருகிறது. சிறிது உலர்ந்ததும் உள்ளே உருண்டைக் கல்லை ஏந்தி வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிகிறது, மண் இறுகுகிறது, வயிறு உருள்கிறது. நம் பானைகளுக்குத் தட்டையான அடி இல்லாததன் காரணம் இதுவே. உருண்டை அடியில் தீ சீராகப் பரவும். முனையில்லாததால் வெடிப்பும் குறைவு. சக்கரம் பெரும்பாலும் ஆண்கள் கையில். மண் பதப்படுத்துவது, மேனி தேய்ப்பது, செங்காவி பூசுவது, சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது எனப் பெண்களின் உழைப்பு நாள் முழுவதும் ஓடுகிறது. அவர்கள் பெயர் எந்தப் பானையிலும் இல்லை. மினகாவா மசுவை உலகுக்குச் சொல்ல மாஷிகோவில் ஆள் இருந்தார்கள்.

சூளையில் பானைகளை அடுக்கி, விறகும் கதம்பையும் வைத்து, வைக்கோலால் மூடி, மேலே சேறு பூசித் தீ வைக்கிறார்கள். ஐந்நூறு, அறுநூறு டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மண்ணின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. அதன்பின் அந்த மண் தண்ணீரில் கரையாது. மாஷிகோவின் மெருகேற்றிய கலங்கள் ஆயிரத்து இருநூறு டிகிரிக்கும் மேல் வெந்து கல்போல் இறுகுகின்றன. நம் பானை அந்த அளவுக்கு வேகாமல் நுண்துளைகளோடு நிற்கிறது. துளை வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதால்தான் கோடையில் மண்பானைத் தண்ணீருக்கு அந்தக் குளிர்ச்சி. நாட்டின் வெயிலுக்கும் உணவுக்கும் ஏற்ப ஒவ்வோர் ஊரும் தன் சூட்டைத் தேர்ந்துகொண்டது. ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றதைத் தாழ்ந்ததென்றும் சொல்ல இடமில்லை.

வேளார் வீட்டின் ஆண்டு, ஊரின் ஆண்டோடு பிணைந்தது. கார்த்திகைக்கு அகல் விளக்கு. பொங்கலுக்குப் பானையும் பொங்கல் கட்டியும். பங்குனி சித்திரைக் கொடைவிழாக்களுக்கு அக்கினிச் சட்டியும் முளைப்பாரி ஓடும். பனையேறிக்குப் பதநீர்க் கலயம். திருமண வீட்டுக்கு அரசாணிப் பானை. இறுதியில் சுடுகாட்டுக்குக் கொள்ளிக்குடம். சாமி உருவங்களும் மண்குதிரைகளும் செய்து, ஐயனார் கோவில்களில் பூசை செய்யும் வேளார்களும் தமிழ்நாட்டில் பலர். கனடாவிலிருந்து மதுரைக்கு வந்த மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் இந்த இரட்டைப் பணியை ஆராய்ந்து 1984இல் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார்: உருவாக்குபவரே அதற்கு உயிரூட்டும் உரிமையும் உடையவர். பிரிட்டிஷ் குயவர் ஜேன் பெரிமன் இந்தியக் கிராமத்துக் குயவர்களிடையே சுற்றிப் பார்த்து 2000இல் நூல் எழுதினார். தொலைநாட்டிலிருந்து வந்தவர்கள் மதித்துப் பார்த்த வீட்டை உள்ளூர்க்காரர்கள் விலை பேச மட்டும் எட்டிப் பார்த்தார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

வேளார் வீட்டின் பெரிய துன்பம் பருவத்தில் இருக்கிறது. விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் தேவை கூடும் மாதங்களே வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்கள். உலர இடமில்லை, சூளை நனைந்தால் பல நாள் உழைப்பு சேறாகிறது. அடுத்தது மண். குளம் பொதுச் சொத்து. மண் எடுக்க அனுமதி வேண்டும். குளத்து வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுக்க, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் நடைமுறையைத் தமிழ்நாடு அரசு 2024இல் கொண்டுவந்தது. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு நலவாரியமும் மழைக்கால உதவித்தொகையும் உண்டு. மூன்றாவது சந்தை. அலுமினியமும் எவர்சில்வரும் அடுப்படியிலிருந்து பானையை வெளியேற்றின. பனையேற்றம் குறைந்ததும் கலயத்தின் தேவை சுருங்கியது. மீன்குழம்புச் சட்டியும் தண்ணீர்ப் பானையும் மீண்டும் விரும்பப்படுவது உண்மைதான். ஆனால் அந்த விருப்பம் நகரத்து அங்காடியின் விலையில் தெரிகிற அளவுக்கு வேளார் வீட்டின் வரவில் தெரிவதில்லை. மானாமதுரை மண்பாண்டம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயரோடு பொருள் அறியப்படுவது ஒரு தொடக்கம்.

மாஷிகோவை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. ஹமாதா கல்லூரியில் படித்தவர், தானாகத் தேர்ந்து கிராமத்துக்குப் போனவர். அவருக்கு எழுதவும் பேசவும் கண்காட்சி நடத்தவும் நண்பர்கள் இருந்தார்கள். வேளார் பிறப்பால் இத்தொழிலுக்கு வந்தவர். சாதியின் பெயரால் இதிலேயே நிறுத்தப்பட்டவரும்கூட. அவர் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவதைக் குறையாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. மாஷிகோ தரும் பாடம் வேறு. அங்கே ஆட்கள் கலத்தை வாங்குவதோடு நில்லாமல், கலம் பிறக்கும் வீட்டை மதித்துப் போய்ப் பார்த்தார்கள். அந்த மதிப்பு விலையாகவும் சந்தையாகவும் அடுத்த தலைமுறைக்கு அத்தொழிலைத் தேர்ந்தெடுக்கும் துணிவாகவும் மாறியது.

அயல்நாட்டில் குயவர் வீட்டுக்குப் போகிறவர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு வேளார் வீட்டுக்கும் பொருந்தும். தட்டும் நேரத்திலும் சூளை மூட்டும் நேரத்திலும் பேச்சுக்கொடுத்து வேலையைக் கெடுக்கக் கூடாது. பச்சைப் பானையைத் தொடக் கூடாது. விரல் பட்ட இடம் சுட்டபின் தழும்பாகும். படம் எடுக்குமுன் கேட்க வேண்டும், வீட்டுப் பெண்களிடமும் கேட்க வேண்டும். சொன்ன விலையைக் குறைக்கச் சொல்லக் கூடாது. அந்த விலையில் மண் சுமந்த வண்டியும் விறகும் உடைந்துபோன பானைகளும் அடங்கியிருக்கின்றன. மழைக்காலத்தில் முன்பணம் கொடுத்துக் கோடைக்குச் சொல்லிவைப்பவர் அந்த வீட்டுக்கு மற்ற எவரையும்விட அதிகம் உதவுகிறார். பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். ஒரு பானையின் அடி மூடுவதைக் கண்ணால் கண்ட பிள்ளை அதன்பின் மண்பாண்டத்தை மலிவுப் பொருளாக நினைக்காது. புளியங்குடியிலிருந்து தேன்பொத்தைக்கோ காருகுறிச்சிக்கோ போய்வரக் கடவுச்சீட்டு தேவையில்லை. ஒரு பகல் போதும். மாஷிகோவைத் தேடிப் போனவர்கள் செலவிட்ட மதிப்பில் ஒரு பங்கு இந்த வீடுகளுக்கும் கிடைத்தால், அங்கே சக்கரம் தொடர்ந்து சுழல்வதற்குப் போதிய காரணம் இருக்கும்.